கோப்பு அநுமதி: நுண்மையும் அதன் எல்லையும்

மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டு செய்துகாட்டப்பெற்ற சிடிஎஸ்எஸ் என்னும் நேரப் பங்கீட்டு முறை, ஒரே கணிப்பொறியைப் பலர் ஏககாலத்தில் உபயோகிக்க வழிசெய்தது. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் எந்த அளவுக்குத் தொடலாம் என்ற, இன்றுவரை தீராத வழக்கையும் அதுவே தொடங்கிவைத்தது. அம்முறையை நடத்திவந்தவர்களுக்கு ஒரு நாள் நேர்ந்த சங்கடம் கணிப்பொறி வரலாற்றில் பிரசித்தமானது. நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்புறைக்குள் வேலை செய்துகொண்டிருந்தனர். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்க, மற்றவர் எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரலோ, ஒரு கோப்புறையில் ஒரு சமயத்தில் ஒருவரே வேலை செய்வார் என்ற அநுமானத்தில் எழுதப்பட்டிருந்தமையால், தன்னுடைய தற்காலிகப் பிரதிக்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டுவந்தது. ஆகவே இரண்டு கோப்புகளும் ஒன்றோடொன்று கலந்து இடம் மாறின. அதன் பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற்களின் முழுப் பட்டியலும் அச்சாகி வந்தது. அம்முறையின் தலைமைச் சிற்பியான ஃபெர்னாண்டோ கார்பட்டோ, 1990-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதை ஏற்று நிகழ்த்திய உரையில் இதனை விவரித்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் அநுமதி விதி எதுவும் மீறப்படவில்லை என்பதை வாசகர் ஊன்றி நோக்கவேண்டும். நிர்வாகிகள் இருவரும் அந்தக் கோப்புகளைத் தொட அதிகாரம் பெற்றவர்களே. அவர்கள் சார்பில் இயங்கிய நிரலும் அவர்களுக்குரிய அதிகாரத்தையே பிரயோகித்தது. ஆயினும் தீங்கு விளைந்தது. அன்று தொடங்கி இயங்குதளங்களை உபயோகிப்போர், "இப்போதுள்ள அநுமதிகள் போதா, இன்னும் நுண்ணியவை வேண்டும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானதே. எனினும் நுண்மை என்பது ஒரே திசையில் வளரும் பொருளன்று. யார் யாருக்கு அநுமதி என்று ஆட்களைப் பிரிப்பது ஒரு நுண்மை. படித்தல், சேர்த்தல், அழித்தல் என்று செயல்களைப் பிரிப்பது இன்னொரு நுண்மை. அந்த ஆளின் பெயரால் இயங்கும் எந்த நிரல் எதைத் தொடலாம் என்று பிரிப்பது மூன்றாவது நுண்மை. இம்மூன்றில் எது நமக்கு மெய்யாகவே வேண்டியது, எதற்கு நாம் தாங்கமாட்டாத விலை கொடுக்கிறோம் என்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல்டிக்ஸின் பட்டியலும் யூனிக்ஸின் சுருக்கமும்

நுண்ணிய அநுமதி பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நாகரிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு இதற்கு நேர்மாறானது. மாஸசூஸெட்ஸ் கழகமும், பெல் ஆய்வகமும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் 1965-ஆம் ஆண்டையொட்டிக் கூட்டாகத் தொடங்கிய மல்டிக்ஸ் என்ற பெருமுயற்சியில், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே ஓர் அநுமதிப் பட்டியல் இருந்தது. அப்பட்டியலில் இடம்பெறும் பெயர், ஆளின் பெயர், அவர் சார்ந்த திட்டத்தின் பெயர், அவர் எவ்வகையில் உள்ளே நுழைந்தார் என்பதற்குரிய குறி ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒரே மனிதர் ஒரு திட்டத்தின் சார்பில் வரும்போது ஓர் அநுமதியும், வேறொரு திட்டத்தின் சார்பில் வரும்போது வேறோர் அநுமதியும் பெறலாம். கோப்புறைகளுக்கோ, உள்ளே இருப்பவற்றின் நிலையை அறிதல், இருப்பதை மாற்றுதல், புதியதைச் சேர்த்தல் என்று மூன்று அநுமதிகள் பிரித்துத் தரப்பட்டிருந்தன. ஒருவர் கோப்புறைக்குள் புதிதாக ஒன்றைப் போடலாம், ஆனால் ஏற்கெனவே இருப்பதை நீக்கக்கூடாது என்று சொல்வதற்கு அங்கே ஓர் எளிய வழி இருந்தது.

பெல் ஆய்வகம் 1969-ஆம் ஆண்டில் அந்தக் கூட்டு முயற்சியிலிருந்து விலகியது. அங்கே பணியாற்றிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும், பிடிபி-7 என்ற ஒரு சிறு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பின்னாளில் யூனிக்ஸ் என்று உலகப் பிரசித்தி பெற்ற இயங்குதளத்தை எழுதினார்கள். மல்டிக்ஸின் வைபவங்களில் பெரும்பகுதியை அவர்கள் வேண்டுமென்றே துறந்தார்கள். துறக்கப்பட்டவற்றுள் அநுமதிப் பட்டியலும் ஒன்று. 1974-ஆம் ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு கோப்பின் பாதுகாப்புக்கு ஏழே பிட்டுகள் கூறப்படுகின்றன: உரிமையாளர் படிக்க, எழுத, இயக்க மூன்று; ஏனையோர் அனைவருக்கும் அவ்வாறே மூன்று; ஏழாவதாக ஒரு விசேஷ பிட். நான்காண்டுகள் கழித்து அக்கட்டுரை திருத்தி மறுபடி வெளிவந்தபோது, உரிமையாளருக்கும் ஏனையோருக்கும் இடையே 'குழு' என்ற மூன்றாவது வகுப்பு புகுந்து, ஏழு பிட் பத்தாகியிருந்தது. இவற்றுள் விசேஷ பிட்டை நீக்கி எஞ்சும் ஒன்பதே, லினக்ஸ் முதல் கைப்பேசிகள் வரை இன்றும் நிலைத்திருக்கும் ஒன்பது பிட் அநுமதி.

அந்த விசேஷ பிட்டைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். பின்னால் வரும் வாதத்துக்கு அது ஆதாரமானது. ஒரு நிரலுக்கு அந்த பிட் இடப்பட்டிருந்தால், அதை இயக்குபவர் யாராயினும், நிரலானது தன் உரிமையாளருடைய அதிகாரத்தோடு இயங்கும். கடவுச்சொற் கோப்பில் நேரடியாக எழுத ரூட் என்னும் தலைமை நிர்வாகி ஒருவருக்கே உரிமை. ஆயினும் சாதாரணப் பயனர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள முடிகிறதென்றால், அதற்கென அமைந்த நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு இயங்கி, அவருக்குரிய வரியை மட்டும் மாற்றித் தருவதே காரணம். ரிட்சியின் இக்கண்டுபிடிப்புக்கு 1973-ஆம் ஆண்டில் விண்ணப்பிக்கப்பட்டு, 1979-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இதன் தாத்பரியம் ஆழமானது. பிட்டுகளால் சொல்ல இயலாத எந்த நுட்பமான விதியையும் ஒரு நிரலாக எழுதி, அந்த நிரலையே கோப்புக்குக் காவலாக நிறுத்திவிடலாம் என்பது அதன் பொருள். காவல் நிற்கும் நிரலில் பிழையிருந்தால் அது ரூட்டின் பிழையாகவே முடியும் என்பதும் அதன் பொருளே; யூனிக்ஸின் பாதுகாப்பு வரலாற்றில் காணும் அவமானங்களிற் பல அவ்வழியாகவே வந்தன.

ஒன்பது பிட்டுகளால் ஆவதும் ஆகாததும்

இந்தச் சிக்கனமான ஏற்பாடு எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதை ஓர் எளிய அலுவலகத்தை வைத்துப் பார்க்கலாம். ஒரு கணக்குப் பேரேடு கோப்பாக இருக்கிறது. தலைமைக் கணக்கர் அதைப் படிக்கவும் திருத்தவும் வேண்டும். எழுத்தர் இருவர் புதிய வரிகளைச் சேர்க்கலாம், பழைய வரிகளைத் திருத்தக்கூடாது. தணிக்கையாளர் ஒருவர் படிக்கமட்டும் வேண்டும். அலுவலகத்தில் மற்ற எவரும் அதைப் பார்க்கவே கூடாது. இதில் அதிசயமான கோரிக்கை எதுவும் இல்லை. ஒன்பது பிட்டுகளிலோ இதற்கு இடமில்லை. கணக்கரை உரிமையாளராகவும், எழுத்தர்களைக் குழுவாகவும் அமைத்துவிட்டால், தணிக்கையாளருக்கு எஞ்சியிருப்பது 'ஏனையோர்' என்ற வகுப்பு ஒன்றே. அவருக்காக அதைத் திறந்தால் அலுவலகம் முழுமைக்கும் திறந்ததாகும். சேர்த்தல் என்பது தனியோர் அநுமதியாக இல்லாமையால், எழுத்தர்களுக்கு எழுதும் உரிமையைக் கொடுத்த மாத்திரத்தில் பேரேட்டை முற்றிலும் அழித்தெழுதும் உரிமையையும் கொடுத்தவர்களாகிறோம்.

குழுக்களை மேலும் மேலும் உண்டாக்கி இக்குறையை நிரப்பலாமே என்று கேட்கலாம். பத்துப் பேர் உள்ள இடத்தில் யார் யார் சேர்ந்து ஒரு கூட்டமாகலாம் என்று கணக்கிட்டால், வெற்றுக் கூட்டத்தையும் சேர்த்து 1,024 வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு வைக்க எந்த நிர்வாகியும் முன்வரமாட்டார். தொடக்கத்தில் ஒரு பயனர் ஒரு சமயத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடிந்தது; பெர்க்கிலி பல்கலைக்கழகம் 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்புதான் ஒருவர் ஏககாலத்தில் பல குழுக்களில் இருக்க இடங்கொடுத்தது. அப்போதும் குழுவை உண்டாக்கும் அதிகாரம் ரூட்டிடமே தங்கிவிட்டது. தம்முடைய கோப்பை ஒரே ஒரு சகாவுக்குக் காட்ட விரும்பும் பயனர் நிர்வாகியிடம் சென்று விண்ணப்பிக்கவேண்டும். அல்லது, நடைமுறையில் பெரும்பாலோர் செய்வதுபோல, 'சிஎச்மோட் 777' என்று தட்டி, எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடவேண்டும். அநுமதி முறை மிகவும் பரும்படியாக இருந்தால் மனிதர் அதைக் கடைப்பிடிப்பதில்லை, கைவிட்டுவிடுகிறார்கள் என்பதற்கு அந்த மூன்று ஏழுகளே சாட்சி.

ஒன்பது பிட்டுகளை நாம் எளிமை என்று போற்றுகிறோமே, அந்த எளிமைக்குள்ளும் எதிர்பாராத மூலைகள் உண்டு. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒருவரைச் சோதிக்கும்போது, அவர் உரிமையாளரா என்று முதலிலும், குழுவைச் சேர்ந்தவரா என்று அடுத்தும் பார்த்து, முதலில் பொருந்திய வகுப்பின் பிட்டுகளை மட்டுமே கொண்டு தீர்ப்புக் கூறுகிறது. ஆகவே ஒரு கோப்புக்கு 604 என்று, அதாவது உரிமையாளருக்குப் படிக்கவும் எழுதவும், குழுவுக்கு ஒன்றுமில்லை, ஏனையோருக்குப் படிக்கமட்டும் என்று அநுமதி இட்டால், ஊரார் அனைவரும் அதைப் படிக்கலாம். அந்தக் குழுவின் அங்கத்தினர் மட்டும் படிக்க முடியாது. குழுவில் சேர்ப்பதே ஒருவரை விலக்கிவைக்கும் உபாயமாகிவிடுகிறது. இன்னும் வியப்பானது அழித்தலைப் பற்றிய விதி. ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அக்கோப்பின் அநுமதி தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் கோப்புறையின் எழுத்து அநுமதியே தீர்மானிக்கிறது. நாம் ஓர் எழுத்துக்கூடப் படிக்க இயலாத, மற்றொருவருக்குச் சொந்தமான கோப்பை, அது நாம் எழுதக்கூடிய கோப்புறையில் இருந்தால், நாம் நீக்கிவிடலாம். எல்லாருக்கும் பொதுவான தற்காலிகக் கோப்புறையில் இதனால் விளைந்த தொல்லையைத் தீர்க்க, அவரவர் கோப்பை அவரவரே நீக்கலாம் என்பதற்கு மற்றொரு பிட்டைப் பயன்படுத்த நேர்ந்தது. அவ்வாறே, இறுதியில் சேர்க்கமட்டும் இடந்தரும் குறி ஒன்றும் பெர்க்கிலி வழியிலும் லினக்ஸிலும் பின்னர் வந்தது. ஆனால் அதை இடவும் நீக்கவும் ரூட்டுக்கே உரிமை பெரும்பாலும் வைக்கப்பட்டிருப்பதால், நம் கணக்கரால் அதைத் தாமாக உபயோகித்துக்கொள்ள இயலாது.

பட்டியல் மீண்டும் வந்த கதை

யூனிக்ஸ் துறந்த அநுமதிப் பட்டியலை மற்ற இயங்குதளங்கள் துறக்கவில்லை. டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ் 1984-ஆம் ஆண்டில் வந்த நான்காம் பதிப்பில் பட்டியலைப் பெற்றது. அந்த விஎம்எஸின் முக்கியச் சிற்பிகளுள் ஒருவரான டேவிட் கட்லர் பின்னர் மைக்ரோஸாஃப்டில் உருவாக்கிய விண்டோஸ் என்டி, 1993-ஆம் ஆண்டில் முதற் பதிப்பிலேயே விரிவான பட்டியல் முறையுடன் வெளிவந்தது. தரவைப் படித்தல், எழுதுதல், இறுதியில் சேர்த்தல், பண்புகளைப் பார்த்தல், அவற்றை மாற்றுதல், கோப்பை அழித்தல், கோப்புறைக்குள் இருப்பதை அழித்தல், அநுமதியையே மாற்றுதல், உரிமையைத் தமதாக்கிக்கொள்ளுதல் என்று அங்கே ஒரு டஜனுக்கு மேற்பட்ட செயல்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் எந்த ஆளுக்கும் எந்தக் குழுவுக்கும் கொடுக்கலாம், வெளிப்படையாக மறுக்கவும் செய்யலாம். நம் அலுவலகப் பேரேட்டுக்கு வேண்டிய அநுமதி ஒவ்வொன்றும் அதில் தனித்தனியே உண்டு.

யூனிக்ஸ் உலகிலும் பட்டியலைப் பொதுத் தரமாக்கும் முயற்சி நடந்தது. போஸிக்ஸ் 1003.1e என்ற அத்தரத்தின் வரைவு பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டு, பதினேழாம் வரைவோடு 1990-களின் இறுதியில் கைவிடப்பட்டது. தரமாகாத வரைவையே ஆதாரமாகக் கொண்டு பலர் தத்தம் இயங்குதளங்களில் அதை நிறைவேற்றினார்கள். லினக்ஸில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாக்கர் முதலியோர் செய்த வேலை 2002-ஆம் ஆண்டில் மூலக் கெர்னலில் சேர்க்கப்பெற்று, 2.6 பதிப்போடு பொது உபயோகத்துக்கு வந்தது. இன்று எந்த லினக்ஸ் கணிப்பொறியிலும் தணிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் படிக்கும் அநுமதியை ஒரே வரிக் கட்டளையில் கொடுத்துவிடலாம். கோப்புகளை வரிசையிட்டுப் பார்க்கும்போது, அநுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டற்குறி தோன்றி, 'இங்கே ஒன்பது பிட்டுகளுக்கு மேலும் ஒன்று உண்டு' என்று அறிவிக்கும்.

ஆயினும் பழையதோடு புதியதை ஒட்டும்போது ஒரு நெருடல் தவிர்க்க முடியாததாயிற்று. பட்டியலைப் பற்றி எதுவும் அறியாத பழைய நிரல் ஒன்று, பாதுகாப்பு வேண்டி ஒரு கோப்பை 600 என்று, அதாவது உரிமையாளர் தவிர எவரும் தொடாதபடி, பூட்டினால், அந்தப் பூட்டு பட்டியலில் உள்ளவர்களையும் தடுக்கவேண்டும் அல்லவா? அதற்காக 'முகமூடி' என்று சொல்லத்தக்க ஒரு பதிவு ஏற்பட்டது. பட்டியல் உள்ள கோப்பில், குழுவுக்குரியவையாக நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்துகள் உண்மையில் குழுவுக்குரியவையல்ல. பட்டியலில் உள்ள எவருக்கும் அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய அநுமதியின் வரம்பே அவை. ஆகவே, பட்டியலில் ஒருவருக்கு எழுதும் உரிமை தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தும், முகமூடி தடுத்தால் அவரால் எழுத முடியாது. காப்புப் பிரதி எடுக்கும் 'டார்' நிரலோ, தனியே கேட்டுக்கொண்டாலொழியப் பட்டியலைச் சேமிப்பதில்லை. பழுதடைந்த வட்டுக்குப் பதிலாகப் பிரதியிலிருந்து மீட்டபின், கோப்புகள் அனைத்தும் வந்துசேர்ந்திருக்கும், அவற்றுக்கென்று வருந்தி அமைத்த பட்டியல்கள் வந்திரா.

நுண்மையின் விலை

பட்டியல் முறை நினைத்ததைச் சொல்ல வல்லது என்பதில் சந்தேகமில்லை. சொன்னது என்ன என்பதை மனிதர் அறிய வல்லவரா என்பதே அடுத்த வினா. விண்டோஸில் ஒரு கோப்பின் மீது ஒருவருக்கு உள்ள மெய்யான அதிகாரத்தைக் கண்டறிய, அவருடைய பெயரில் உள்ள பதிவுகள், அவர் அங்கம் வகிக்கும் ஒவ்வொரு குழுவின் பதிவுகள், மேற்கோப்புறைகளிலிருந்து வழிவழியாக இறங்கியவை ஆகிய அனைத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். மறுப்பு அநுமதியை வெல்லும் என்பது பொதுவிதி. ஆனால் கோப்பின்மேல் நேரடியாக எழுதப்பட்ட அநுமதி, மேலிருந்து இறங்கிய மறுப்பை வெல்லும் என்பது விதிக்குள் விதி. கோப்பை அழிக்கக்கூடாது என்று கோப்பில் மறுத்திருந்தாலும், கோப்புறையில் 'உள்ளிருப்பதை அழிக்கலாம்' என்ற அநுமதி இருந்தால் அழித்துவிடலாம் என்பது மற்றொரு விதி. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ரீடரும் ராய் மேக்ஸியனும் 2005-ஆம் ஆண்டில், விண்டோஸ் எக்ஸ்பியின் அநுமதித் திரையைப் பயனர்கள் கையில் கொடுத்து, எளிய காரியங்களைச் செய்யச்சொல்லிச் சோதித்தார்கள். காரியத்தைத் தவறாக முடித்தவர்களில் பலர், சரியாக முடித்துவிட்டதாகவே நம்பி எழுந்தார்கள். இறுதியில் யாருக்கு என்ன உரிமை உண்டு என்பதைத் திரையிலேயே காட்டும் வேறொரு வடிவத்தைக் கொடுத்தபோது தவறுகள் பெரிதும் குறைந்தன. அடிப்படை அநுமதி முறை இரண்டிலும் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

கணித ரீதியாகவும் இவ்விஷயத்தில் ஓர் எல்லை உண்டு. மைக்கேல் ஹாரிஸன், வால்டர் ருஸ்ஸோ, ஜெஃப்ரி உல்மன் ஆகிய மூவரும் 1976-ஆம் ஆண்டில் ஒரு பிரமேயத்தை நிறுவினார்கள். உரிமைகளைக் கொடுக்கவும் வாங்கவும் விதிகளுள்ள ஒரு பொதுவான அநுமதி முறையில், ஒரு குறிப்பிட்ட உரிமை என்றேனும் வேண்டாதவர் கைக்குப் போய்ச்சேருமா என்ற வினாவுக்கு எல்லாச் சந்தர்ப்பங்களிலும் விடையளிக்கும் கணிப்பு முறை இருக்கவே முடியாது என்பது அப்பிரமேயம். விதிகளைக் குறுக்கிக்கொண்டால் விடை காணலாம். விதிகளின் வெளிப்பாட்டுச் சக்தி பெருகப் பெருக அவற்றைப் பற்றி முன்கூட்டியே உறுதி சொல்லும் சக்தி குறைகிறது. இதற்கு முந்தைய ஆண்டில், ஜெரோம் ஸால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் பாதுகாப்புக்கு எட்டுக் கோட்பாடுகளை வகுத்தபோது, ஒவ்வொரு நிரலுக்கும் அதன் காரியத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் அதிகாரம் கூடாது என்பதை அவற்றுள் ஒன்றாகக் கூறினார்கள். மனிதர் இயல்பாகவே சரியாகப் பயன்படுத்தும்படி அமைப்பு இருக்கவேண்டும் என்பதையும் அதே வரிசையில் கூறினார்கள். நுண்மை கேட்போர் முன்னதை மேற்கோள் காட்டுகிறார்கள்; பின்னதை மறந்துவிடுகிறார்கள்.

ரூட்டின் வரம்பற்ற அதிகாரத்தைத் துண்டுபோடும் முயற்சியிலும் இதே கதை நிகழ்ந்தது. 1999-ஆம் ஆண்டில் வந்த லினக்ஸ் 2.2 முதல், அவ்வதிகாரம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. இன்று அக்கூறுகள் 41. புதிதாக ஓர் அதிகாரம் தேவைப்படும்போதெல்லாம், அது எந்தக் கூறில் அடங்கும் என்று யோசிக்கச் சோம்பிய நிரலாளர், 'பொது நிர்வாகம்' என்று பெயரிட்ட ஒரே கூறில் அதைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். அதனால் அந்த ஒரு கூறு கையிலிருந்தாலே ஏறக்குறைய ரூட்டாகிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டு, அதைப் 'புதிய ரூட்' என்றே அறிந்தோர் அழைக்கலாயினர். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸோ, எந்த நிரல் எவ்வகைக் கோப்பை எவ்விதம் தொடலாம் என்பதை அணுவணுவாக வரையறுக்கும் வல்லமையுடையது. அதன் விதிகளைப் படித்தறிவது அத்தனை கடினமாயிருந்தமையால், ஏதேனும் ஒரு சேவை இயங்க மறுத்தவுடன் அதை முழுவதுமே அணைத்துவிடும் வழக்கம் நிர்வாகிகளிடையே வேரூன்றிவிட்டது. நுண்ணிய முறை ஒன்றைக் கையாள இயலாதவர், பரும்படியான முறைக்குத் திரும்புவதில்லை. முறையே இல்லாத நிலைக்குப் போய்ச்சேருகிறார்.

ஆளா, நிரலா?

இங்கே நாம் மூன்றாவது நுண்மைக்கு வருகிறோம். நார்ம் ஹார்டி 1988-ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று, டைம்ஷேர் நிறுவனத்தின் கணிப்பொறியில் முன்னர் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. அங்கே ஃபோர்ட்ரான் தொகுப்பி ஒன்று இருந்தது. தன் உபயோகத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் தன் சொந்தக் கோப்புறையில் எழுதிக்கொள்ளும் பொருட்டு, அக்கோப்புறையில் எழுதும் அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டிருந்தது. அதே கோப்புறையில் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கும் இருந்தது. பிழைதிருத்தக் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுதவேண்டும் என்று பயனரே தொகுப்பிக்குப் பெயர் கூறலாம் என்ற வசதியைக் கொண்டு, ஒரு பயனர் அந்தக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டார். பயனருக்கு அதில் எழுத அதிகாரம் இல்லை, தொகுப்பிக்கோ உண்டு. தொகுப்பி சொன்னபடி எழுதியது. கட்டணக் கணக்கு அழிந்தது. தான் யாருடைய அதிகாரத்தைக் கொண்டு எந்தக் காரியத்தைச் செய்கிறோம் என்று பிரித்தறிய வழியில்லாத அந்த நிரலை, ஹார்டி 'குழம்பிய பிரதிநிதி' என்று வருணித்தார். ஆட்களின் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இத்தவறு திருந்தாது. ஏனெனில் தவறு செய்தது பட்டியலில் முறையாக இடம்பெற்ற ஒருவரே.

மல்டிக்ஸும் யூனிக்ஸும் எழுந்த காலத்தில், கணிப்பொறி ஒன்று. அதை உபயோகிப்போர் பலர். அவர்களே ஒருவருக்கொருவர் அந்நியர். நிரல்களை அவரவரே எழுதினார்கள், அல்லது நிர்வாகி நிறுவினார். நம் காலத்தில் கணிப்பொறியும் கைப்பேசியும் பெரும்பாலும் ஒருவருக்கே உரியவை. அந்நியராக உள்ளே வருபவை நிரல்கள். விளையாட்டுக்கென்று இறக்கிக்கொண்ட நிரலும், வங்கிக்கணக்கு விவரங்களைத் தாங்கிய கோப்பும் ஒரே பயனர் பெயரின் கீழ் அருகருகே வாழ்கின்றன. பயனருக்குள்ள எல்லா அதிகாரமும் அவர் இயக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தானே உண்டு என்ற பழைய விதி, ஒரு படி அரிசி அளந்துவரச் சென்ற வேலையாளிடம் வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்தனுப்புவதற்கு ஒப்பானது. கோப்புகளைப் பூட்டிவைத்து மீட்புப் பணம் கேட்கும் தீநிரல்கள், பயனர் ஒருவருடைய ஆவணங்களைக் குலைக்க ரூட்டின் அதிகாரத்தைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. அப்பயனருடைய சொந்த அநுமதியே அதற்குப் போதும்.

இதை உணர்ந்து எழுந்த ஏற்பாடுகள் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. ஆண்ட்ராய்ட் தொடக்கம் முதலே ஒரு சாமர்த்தியமான காரியத்தைச் செய்தது: பழைய யூனிக்ஸின் பயனர் எண்ணை மனிதருக்குக் கொடாமல், ஒவ்வொரு செயலிக்கும் 10,000-க்கு மேற்பட்ட ஒரு தனி எண்ணாகக் கொடுத்துவிட்டது. ஒரு செயலியின் கோப்புகளை மற்றொரு செயலி தொடாதபடி காப்பது, ரிட்சி வகுத்த அதே ஒன்பது பிட் முறை. மாறியது காக்கப்படுபவர் யார் என்ற எண்ணமே. பொதுச் சேமிப்பிடம் மட்டும் நெடுங்காலம் பரும்படியாகவே இருந்து, ஒருமுறை அநுமதி பெற்ற செயலி அங்குள்ள எல்லாவற்றையும் பார்க்கும் நிலை நீடித்தது. 2019-ஆம் ஆண்டின் பத்தாம் பதிப்பு முதல் அதுவும் குறுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாட்ஸன் முதலியோர் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஒரு நிரல் தன் அதிகாரங்களைத் தானே குறுக்கிக்கொள்ள உதவும் காப்ஸிகம், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இடம்பெற்றது. ஓபன்பிஎஸ்டி, ஒரு நிரல் தான் இனி இன்னின்ன வகைக் காரியங்களே செய்வேன் என்று கெர்னலிடம் உறுதி கூறும் முறையை 2016-ஆம் ஆண்டிலும், தான் காணும் கோப்புறைகளைத் தானே குறுக்கிக்கொள்ளும் முறையை 2018-ஆம் ஆண்டிலும் வெளியிட்டது. லினக்ஸில் 2021-ஆம் ஆண்டு 5.13 பதிப்பில் சேர்ந்த லேண்ட்லாக்கும் இவ்வழியைச் சேர்ந்ததே. நிர்வாகியின் தயவை வேண்டாமல் சாதாரணப் பயனரின் நிரலே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள அது இடந்தருகிறது.

இவ்வழியில் எழுந்தவற்றுள் மிகவும் சிலாகிக்கத்தக்கது ஒன்று உண்டு. மேக் கணிப்பொறியில் தனிக்கூண்டில் அடைபட்ட ஒரு நிரல் 'கோப்பைத் திற' என்ற சாளரத்தைக் காட்டும்போது, அந்தச் சாளரத்தை வரைவது நிரலன்று, இயங்குதளமே. பயனர் ஒரு கோப்பைத் தேர்ந்து சொடுக்கினால், அந்தக் கோப்பு ஒன்றுக்கு மட்டும், அந்த நிரலுக்கு மட்டும் அநுமதி பிறக்கிறது. மற்ற கோப்புகள் இருப்பதே அதற்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் 2013-ஆம் ஆண்டு முதல் உள்ள ஆவணத் தேர்வுத் திரையும் இப்படிப்பட்டதே. இதைவிட நுண்ணிய அநுமதி வேறொன்றில்லை. ஆயினும் பயனர் அநுமதி என்ற ஒன்றைத் தாம் வழங்கியதாகவே உணர்வதில்லை. கோப்பைத் திறக்க வேண்டும் என்று அவர் எண்ணிய அந்தச் செய்கையே அநுமதியாகிவிட்டது. "இந்தச் செயலி உங்கள் கோப்புகளை அணுக அநுமதிக்கலாமா?" என்று ஓயாது கேட்டு, படிக்காமலே 'ஆம்' என்று சொல்லப் பழக்கிவிடும் திரைகளுக்கும் இதற்கும் உள்ள தாரதம்மியம் பெரிது.

முடிவு

ஆட்களைப் பிரிக்கும் நுண்மை, பலர் கூடி வேலை செய்யும் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இன்றும் இன்றியமையாதது. அங்கே ஒன்பது பிட்டுகள் போதா என்ற முறையீடு முற்றிலும் நியாயமானது. ஆனால் அதைக் கோப்புக்குக் கோப்பு, ஆளுக்கு ஆள் என்று எழுதத் தொடங்கினால், சில ஆண்டுகளில் எவரும் படித்தறிய முடியாத ஒரு சிக்கல் எஞ்சும். அநுமதியைக் குழுவுக்குக் கொடுத்து, கோப்புறையின்மேல் எழுதி, மறுப்புப் பதிவுகளைக் கூடியவரை தவிர்ப்பதே அநுபவம் கற்பித்த ஒழுங்கு. செயல்களைப் பிரிப்பதில், சேர்த்தலையும் அழித்தலையும் எழுதுதலிலிருந்து பிரித்தாலே நடைமுறைத் தேவையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். மல்டிக்ஸ் கோப்புறைகளில் அறிந்திருந்த அந்தப் பிரிவினையை யூனிக்ஸ் விட்டுவிட்டது ஒரு நஷ்டமே. அதற்கு மேற்பட்ட பிரிவுகளைக் கேட்பவர், அவற்றை அன்றாடம் யார் அமைக்கப்போகிறார், அமைத்தது சரியா என்று யார் சோதிக்கப்போகிறார் என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

நிரல்களைப் பிரிக்கும் நுண்மைக்கோ இப்போதைக்கு மேல்வரம்பு கூறவேண்டியதில்லை. ஏனெனில் அதன் பாரம் பயனரின் தலையில் விழவேண்டிய அவசியமில்லை. நிரலை எழுதியவரே அதன் தேவைகளைச் சுருக்கி உரைக்கலாம். பயனருடைய செய்கையிலிருந்தே இயங்குதளம் அநுமதியை அறிந்துகொள்ளலாம். ஆகவே புதிய இயங்குதளம் ஒன்றை வகுப்போர்க்கும், பழையதில் புதிய அநுமதிகளைக் கேட்போர்க்கும் சொல்லத்தக்கது இது: மனிதர் கையால் எழுதவேண்டிய அநுமதிகள், ஒருவர் ஒரே பார்வையில் படித்து, யார் எதைச் செய்யலாம் என்று பிழையின்றிச் சொல்லக்கூடிய அளவுக்கு மேல் நுண்மையடையக் கூடாது, அதற்கு மேல் வேண்டும் நுண்மை அனைத்தையும் நிரல்களின்மேல் வைத்து, அதை இயந்திரமே நடத்தும்படி செய்யவேண்டும்.